சிம்மெட்ரி – சமச்சீர்: உருவம் வேறு, பின்னல் வேறு

கணினியில் முப்பரிமாணச் சிற்பம் செய்பவர் ஒருவர் 'மாடலில் சிம்மெட்ரி போய்விட்டது' என்று சொன்னால், அவர் சொல்வது இரண்டு குறைகளில் எது என்பது அந்தச் சொல்லைக் கொண்டு மட்டும் விளங்காது. உருவத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் வடிவில் ஒவ்வாமல் போயிருக்கலாம். அல்லது வடிவம் எப்படியிருந்தாலும், அதைத் தாங்கும் கண்ணிகள், அதாவது பரப்பை வலைபோல் ஆக்கும் சிறு முகங்கள், இருபுறமும் ஒரே முறையில் இணையாமல் போயிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், சொல்லை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிரேக்க மொழியில் 'சின்' என்பது உடன் என்றும், 'மெத்ரோன்' என்பது அளவு என்றும் பொருள்படும். இரண்டும் சேர்ந்த 'சிம்மெத்ரியா', உறுப்புகள் ஒன்றுக்கொன்றும் முழு உருவத்துக்கும் பொருந்திய அளவில் அமைவதைக் குறித்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி இலத்தீனில் எழுதிய விட்ருவியசும் அளவுப் பொருத்தம் என்ற பொருளிலேயே இதனை ஆண்டார். அவர் நூலை 1673-இல் பிரெஞ்சில் பெயர்த்த குளோத் பெரோ, தம் நாட்டார் இச்சொல்லால் இடமும் வலமும் ஒத்திருப்பதையே குறிக்கிறார்கள் என்று வேறுபடுத்திக் காட்டினார். இன்று நாம் வழங்குவது இந்தப் பின்னைய பொருளே.

தமிழில் பள்ளிக் கணக்குப் புத்தகங்கள் தரும் 'சமச்சீர்' என்பதே தக்க சொல். கல்வித் திட்டத்தின் பெயராகப் பரவியதில் எல்லார்க்கும் பொதுவான என்ற பொருள் அதன்மேல் படிந்துவிட்டது. அதனால் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை' என்ற 118-ஆம் குறளில் சமனும் சீரும் அடுத்தடுத்து நிற்பதோடு, 'ஒருபால் கோடாமை' என்ற தொடர் நாம் தேடும் பொருளையே சொல்லிவிடுகிறது. சிலர் எழுதும் 'சமநிலை' இதற்கு ஈடாகாது. ஒரு தட்டில் புளியும் மறு தட்டில் படிக்கல்லும் இருந்தாலும் தராசு சமநிலையில் நிற்கும். ஆனால் இரு தட்டும் சமச்சீராக இரா.

இரண்டாவது குறையைப் பேச, கண்ணிகளைத் திரும்பப் பின்னும் வேலைக்கு வழங்கும் 'ரீடோபாலஜி' என்ற சொல்லும் வேண்டும். அது இன்னும் சிக்கலானது. 'தோப்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடம் என்று பொருள். யோகான் லிஸ்டிங் 1847-இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பில் 'டோபாலஜி' அச்சேறியது. கணிதத் தமிழ் அதனை இடத்தியல் என்கிறது. கணினி வரைகலையிலோ அது முனைகளும் விளிம்புகளும் முகங்களும் இணைந்திருக்கும் முறையை மட்டுமே சுட்டுவதால், 'மறு இடத்தியல்' என்று பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. செதுக்கும்போது இலட்சக்கணக்கில் பெருகிய முகங்களின்மேல், அசைவூட்டத்துக்கு ஏற்ற சில ஆயிரம் நாற்கோணக் கண்ணிகளைப் புதிதாகப் பின்னுவதே வேலை. ஆகவே 'மறுபின்னல்' என்பது என் தெரிவு. இதையொட்டி முதற்குறையை உருவச் சமச்சீர் இழப்பு என்றும், இரண்டாவதைப் பின்னல் சமச்சீர் இழப்பு என்றும் வழங்கலாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பாரதக் கூத்து நிறைவுறும் நாளன்று, படுகளத்தில் மண்ணால் படுக்கவைக்கும் துரியோதனன் உருவத்தை ஒருவர் கணினியில் செதுக்குவதாகக் கொள்வோம். முகம், மீசை, தோள், மார்பு எல்லாம், ஒரு பக்கம் செதுக்குவதை மறுபக்கமும் செய்யும் சமச்சீர் வசதியை இயக்கிவைத்துச் செய்யப்பட்டவை. பிறகு அதனை நிறுத்திவிட்டு, ஒரு கையை மடக்கிக் கதாயுதத்தைக் கொடுத்து, ஒரு தொடையில் மட்டும் பீமன் அடித்த காயத்தைச் செதுக்குகிறார். இப்போது உருவச் சமச்சீர் இல்லை, இருக்கவும் கூடாது. அதன்மேல் போடும் மறுபின்னலோ இருபுறமும் ஒத்திருந்தால்தான் எலும்புக்கட்டின் எடைகளை, அதாவது எந்த முனை எந்த எலும்போடு எவ்வளவு அசையும் என்ற அளவுகளை, ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குத் தவறின்றிப் படியெடுக்க இயலும்.

பின்னல் குலைந்திருந்தால், ஒவ்வாத முனைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்ய முயல்வது வீண் உழைப்பு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் முதலில் சிற்பத்தின் மூலப்புள்ளி நடுவில் இருக்கிறதா, சுழற்சியும் அளவும் பொருளின்மேல் நிலைப்படுத்தப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். சமச்சீர் 'காணாமற்போவதன்' காரணம் பல நேரங்களில் இங்கேயே சிக்கிவிடும். அடுத்தது நடுக்கோடு. ஸ்தபதிகள் பிரம்ம சூத்திரம் என்று நூல் பிடிக்கும் அந்தக் கோட்டிலுள்ள முனைகள் எல்லாம் எக்ஸ் அச்சில் சுழியத்தில் நிற்க வேண்டும். முப்பரிமாணக் கர்சரை மையத்தில் வைத்து அதையே திருப்புமையமாகக் கொண்டு, அம்முனைகளை எக்ஸ் அச்சில் சுழிய அளவுக்குச் சுருக்கினால் அவை நேராகிவிடும். திருப்புமையத்தை மாற்ற மறந்தால், அவை தங்கள் சராசரி இடத்துக்கே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு மோசமான பாதியை நீக்கி, ஒரு பாதியை மறுபுறம் பிரதிபலிக்கும் மிரர் மாடிஃபையரை, நடுக்கோட்டு முனைகளைப் பிரியாமல் பிடித்துவைக்கும் கிளிப்பிங்குடன் இட்டால், நல்ல பாதியே மறுபுறமும் தோன்றும், நடுவில் பிளவும் விழாது. சிம்மெட்ரைஸ் கட்டளை இதையே ஒரே அடியில் செய்யும். மிரருக்குக் கீழே, பின்னலைச் சிற்பத்தின் பரப்பில் ஒட்டவைக்கும் ஷ்ரிங்க்ராப் மாடிஃபையரை வைத்தால், ஒத்த பின்னல் ஒவ்வாத சிற்பத்தின்மேல் படிந்து, காயம் அழியாமல் நிற்கும்.

பின்னல் சரியாக இருந்து, விரும்பாமல் வடிவம் மட்டும் விலகியிருந்தால் பாதியை வெட்ட வேண்டியதில்லை. ஸீபிரஷ் என்ற சிற்ப மென்பொருளில், வைத்துக்கொள்ள வேண்டிய பக்கத்தை மாறாதபடி மறைத்து (மாஸ்க் செய்து), சமச்சீரை மீட்கும் ஸ்மார்ட் ரீசிம் கட்டளையைக் கொடுத்தால், மறுபக்கம் அதைப் பார்த்துத் திருந்தும். இரு பக்கக் கண்ணிகளும் ஒத்திருந்தால் மட்டுமே இது பலிக்கும். சமச்சீரின்றித் தானியங்கி மறுபின்னல் ஓட்டிய மாடலில் இக்கட்டளை பயனற்றுப்போவதற்கு இதுவே காரணம்.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலுள்ளவை போன்ற நடுகற்களை நிழற்படங்களிலிருந்து மாடலாக்குவோர்க்கு இவற்றுள் எதுவும் தேவைப்படாது. ஒருபுறம் திரும்பி ஆயுதம் ஏந்தி நிற்கும் வீரனின் புடைப்புருவத்தில் மிரரை இட்டால், கல்லில் இல்லாத இரண்டாவது வீரன் முளைத்துவிடுவான்.