கொழுமியம்: கொழுப்பு அன்று

பாஸ்பரஸ் அரிதாகவே கிடைக்கும் நடுக்கடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிவியல் செய்திகளில், "பட்டினி கிடக்கும் பாக்டீரியா தன் சவ்வுக் கொழுப்பை மாற்றிக்கொள்கிறது" என்ற வாக்கியம் ஏதாவதொரு வடிவில் தலைகாட்டிவிடுகிறது. இதைப் படிக்கும் எவரும், உணவில்லாத காலத்தில் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துப் பிழைக்கும் ஓர் உயிரையே நினைத்துக்கொள்வார். அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றிடம் கரைப்பதற்குக் கொழுப்பே இல்லை. அவை மாற்றுவது தம்மைச் சூழ்ந்திருக்கும் சவ்வின் கட்டுமானப் பொருளை. அப்பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் லிப்பிடு. அதைக் கொழுப்பு என்று பெயர்த்ததால் வந்த குழப்பம் இது. லிப்பிடுக்கு ஏற்ற தமிழ்ச்சொல் கொழுமியம் என்பதே என் வாதம்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. கிரேக்க மொழியில் 'லிப்போஸ்' என்றால் கொழுப்பு. பிரெஞ்சு வேதியியலாளர் கப்ரியேல் பெர்த்ரான் 1923இல் அதிலிருந்து 'லிப்பீது' என்ற சொல்லை ஆக்கினார். ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. நீரில் கரையாமல், ஈதர், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் கரையும் உயிர்ப்பொருள்களின் பெருங்குடும்பத்துக்கு அது பொதுப்பெயர். கொழுப்பு, எண்ணெய், மெழுகு, ஸ்டீரால், பாஸ்பேட் தலை கொண்டவை, சர்க்கரைத் தலை கொண்டவை என எல்லாம் அதனுள் அடங்கும்.

வேர்ச்சொல்லுக்கே கொழுப்பு என்றுதானே பொருள், பிறகு தமிழில் கொழுப்பு என்று சொன்னால் என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெர்த்ரானின் மொழியில் கொழுப்புக்குச் சொல் இல்லாமல் போகவில்லை. 'கிரேஸ்' என்ற நாட்டுச்சொல் சந்தையிலும் சமையலறையிலும் புழங்கிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு நூறாண்டு முன்பே, 1823இல், மிஷேல் செவ்ரல் விலங்குக் கொழுப்புகளைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டிருந்தார். இருந்த சொல்லை விட்டுவிட்டுப் பெர்த்ரான் வேறொன்றை ஆக்கியது, கொழுப்பையும் தன் உறுப்பினர்களுள் ஒன்றாகக் கொள்ளும் ஒரு மேற்பெயர் தேவைப்பட்டதால்தான். நாம் அந்த மேற்பெயரைக் கொழுப்பு என்று பெயர்க்கும்போது, குடும்பத்தின் பெயரை அதன் பிள்ளை ஒருவனுக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறோம்.

வேதியியல் வழி நின்று பார்த்தால் பிழை இன்னும் பெரிது. கிளிசரால் மூலக்கூறு ஒன்றில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருந்தால் அது கொழுப்பு. மூன்றாவது கொழுப்பு அமிலத்தின் இடத்தில் பாஸ்பேட்டைத் தாங்கிய தலை ஒன்று அமர்ந்தால் அது பாஸ்போலிப்பிடு. அந்தத் தலை நீரை நாடும். எஞ்சிய இரண்டு கொழுப்பு அமிலங்களே வால்கள்; அவை நீரை விலக்கும். ஆகவே இம்மூலக்கூறுகள் நீரில் விடப்பட்டதும் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இருபுறமும் வெளியே நிறுத்தி, ஈரடுக்குத் தாளாகத் தாமே அணிவகுத்துக்கொள்கின்றன. இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பி அளந்து, அவை அணுக்களின் புறப்பரப்பைப் போல் இரு மடங்கு இடத்தை அடைக்கின்றன என்று 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு அறிவியலாளர்கள் காட்டினார்கள். செல் சவ்வு என்பது இந்த ஈரடுக்குதான். கொழுப்புக்கு நீரை நாடும் அத்தகைய தலை இல்லை. நீரில் விட்டால் துளித்துளியாகத் திரளுமே தவிர, அதனால் ஒரு சவ்வைக் கட்ட முடியாது. எனவே 'சவ்வுக் கொழுப்பு' என்ற தொடர் தன்னைத் தானே மறுக்கும் தொடர்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியது என்று தேடினால், நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் போய் நிற்கிறோம். கொலஸ்டிராலைக் 'கெட்ட கொழுப்பு', 'நல்ல கொழுப்பு' என்று எழுதி எழுதி, நீரில் கரையாத எதுவும் கொழுப்புதான் என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் அவை ஊன்றிவிட்டன. கொலஸ்டிரால் ஸ்டீரால் வகையைச் சேர்ந்தது, அதுவும் கொழுப்பு அன்று. இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு பெரிய கெடுதலைச் செய்யாமல் இருக்கலாம். அதே சொல்லைக் கையோடு எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற மொழிபெயர்ப்பாளரிடம்தான் என் வழக்கு. போதாக்குறைக்கு, நம் ஊரில் கொழுப்பு என்பது திமிருக்கும் பெயர். "பாக்டீரியாவின் கொழுப்பு குறைந்தது" என்ற தலைப்பைப் பார்த்துச் சிரித்தால் வாசகரைக் குறை சொல்ல முடியாது.

கடலில் நடப்பதைச் சரியான சொல்லால் சொல்லிப் பார்ப்போம். வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலின் மேல்நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டின் அளவு மிக மிகக் குறைவு. ஆனால் மரபணுவுக்கும் ஆற்றல் நாணயமான ஏடிபிக்கும் பாஸ்பரஸ் இன்றியமையாதது. அங்கே சிக்கனம் செய்ய வழியில்லை. சவ்வில் வழியுண்டு. ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரான புரோகுளோரோகாக்கஸ், தன் சவ்வின் பெரும்பகுதியைக் கந்தகமும் சர்க்கரையும் கொண்ட தலையுடைய கொழுமியங்களால் கட்டிக்கொள்கிறது. கடலில் மிகுதியாகக் காணப்படும் பாக்டீரியாக் கூட்டங்களுள் ஒன்றான சார்-11, பாஸ்பேட் தீர்ந்துபோகும்போது தன் சவ்வைப் புதுப்பித்துக்கொள்வதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தப் புதுப்பிப்பின் வழியும் அறியப்பட்டதே: ஒரு நொதி பாஸ்பேட் தலையைக் கொய்கிறது; எஞ்சி நிற்கும் இரட்டை வாலின்மேல் இன்னொரு நொதி சர்க்கரைத் தலையைப் பொருத்துகிறது; கொய்யப்பட்ட பாஸ்பரஸ் வேறு வேலைக்குப் போகிறது. இங்கே வால்கள் கரைக்கப்படவில்லை, எரிக்கப்படவில்லை; மாறியது தலை. "கொழுப்பை மாற்றிக்கொள்கிறது" என்ற வாக்கியத்தால் இதில் ஒரு பகுதியையாவது உணர்த்த முடியுமா?

ஆழ்கடலில் மாறுவது வால். பத்து மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அழுத்தமும் குளிரும் சேர்ந்து வால்களை நெருக்கி, சவ்வை விறைக்கச் செய்யும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோக, நல்லெண்ணெய் உறையாமல் ஓடுவதற்குக் காரணமான அதே வேறுபாடு இங்கும் உதவிக்கு வருகிறது: இரட்டைப் பிணைப்பால் வளைந்த வால்கள் நெருங்கி அடுக்காக அமைவதில்லை. பிலிப்பைன்சை ஒட்டிய சூலு கடலின் ஆழத்தில் கிடைத்த ஃபோட்டோபாக்டீரியம் புரொஃபண்டம், 28 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 2,800 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், நன்கு வளர்கிறது; அழுத்தம் கூடக்கூடத் தன் சவ்வில் நிறைவுறா, அதாவது இரட்டைப் பிணைப்புள்ள, கொழுப்பு அமிலங்களின் பங்கைக் கூட்டுகிறது. மீனெண்ணெயால் புகழ்பெற்ற ஐந்து இரட்டைப் பிணைப்புள்ள அமிலத்தையும் அது தானே ஆக்கிக்கொள்கிறது. ஆயினும் 1999இல் வெளியான ஆய்வில், அந்த அமிலத்தை ஆக்க முடியாத திரிபுகள் அழுத்தத்தைத் தாங்கின. ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்களைப் போதிய அளவு ஆக்க முடியாதவையே தடுமாறின.

இந்த அமிலங்களைச் சிலர் 'செறிவுறா' என்று எழுதுவதையும் நிறுத்தினால் நல்லது. செறிவு என்பது கரைசலின் அடர்த்திக்கு நாம் கொடுத்துவிட்ட சொல்; 'செறிவுறா அமிலம்' என்றால் நீர்த்த அமிலம் என்றே வேதியியல் மாணவர் எடுத்துக்கொள்வார். ஹைட்ரஜனால் நிறையாததை 'நிறைவுறா' என்பதே தெளிவு. 'கொழுப்பு அமிலம்' என்ற பெயருக்கு என் எதிர்ப்பு இல்லை: அவை முதலில் கொழுப்பைப் பகுத்துக் கிடைத்தவை, பெயர் பிறந்த இடத்தைச் சொல்கிறது. அதுபோலவே, 'படலம்' என்பதை விடச் 'சவ்வு' என்பதே கடலுக்கு ஏற்றது. நீர்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலமும், பாறையில் பாக்டீரியாக்கள் கூடிக் கட்டும் உயிரிப்படலமும் ஏற்கெனவே அச்சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சவ்வு, இறைச்சி அரிகிற எவருக்கும் தெரிந்த சொல்.

இனி மாற்றுச்சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'லிப்பிடு' என்றும் இலங்கையில் 'இலிப்பிட்டு' என்றும் எழுதுகிறார்கள். இவை பொய் சொல்லாத சொற்கள், அந்த அளவில் கொழுப்பைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வேர் தெரியாத வாசகருக்கு இவை எதையும் உணர்த்துவதில்லை. 'நிணம்' பழந்தமிழ்ச் சொல்லானாலும் அதுவும் ஊன்கொழுப்பையே குறிக்கும். மேலும் நிணநீர் என்று வேறொன்றுக்கு அதைத் தந்துவிட்டோம். எஞ்சுவது 'கொழுமியம்'. கொழு என்ற அடியை வைத்துக்கொண்டு கொழுப்பிலிருந்து விலகி நிற்பதால், கிரேக்க அடியிலிருந்து பெர்த்ரான் செய்ததையே இதுவும் செய்கிறது. பெண்ணியம், மார்க்சியம் என்று 'இயம்' கொள்கைகளுக்கு உரியதாகிவிட்டதே என்பது இதன்மேல் சொல்லப்படும் குறை. ஊதியமும் வாரியமும் அந்த ஓசையில்தான் முடிகின்றன. அவற்றை எவரும் கொள்கை என்று மயங்கியதில்லை.

வட கடலில் கண்டெடுக்கப்பட்டு, போர்க்கும் தீவின் பெயரால் 1998இல் பெயரிடப்பட்ட அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் என்ற எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை எடுத்துக்கொண்டால், இரண்டு சொற்களும் வேண்டும் என்பது ஐயமறத் தெரியும். கார்பன் மிகுந்து நைட்ரஜன் குறையும்போது அது உண்மையாகவே கொழுப்பையும் மெழுகையும் செல்லுக்குள் சேர்த்து வைக்கிறது. சவ்வில் அதற்குப் பாஸ்பேட் தலை கொண்ட கொழுமியங்களும் இருக்கின்றன. 'சவ்வுக் கொழுப்பு' என்று எழுதுகிறவர், இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது எப்படி எழுதுவார்? கூட்டுச்சொற்களில் பாஸ்போகொழுமியம், சர்க்கரைக்கொழுமியம், கந்தகக்கொழுமியம் ஆகியவை இடறாமல் வாயில் வருகின்றன. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுக்கு மட்டும் நல்ல பெயர் அமையும்வரை அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.