ஸ்பிரிங்குக்குத் தைத்த பை

அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை 14,000 அடிக்கும் மேல் உயரம். தந்திக் கம்பிகளுக்காகத் தன் தொழிற்சாலை செய்த மின்காப்பு மரத்துண்டுகளைப் பார்க்க, கோவேறு கழுதை மேல் அதன் உச்சிக்குப் போனார் சால்மன் சிம்மன்ஸ். உடம்பெல்லாம் வலி. இனி யாரும் இப்படி ஏறக் கூடாதென்று மலை ரயிலுக்கே பணம் போட்டார். 1891-இல் அந்த ரயில் உச்சியைத் தொட்டது. பிற்காலத்தில் சிம்மன்ஸ் என்ற பெயர் மெத்தைக்குப் புகழ்பெற்றதை நினைத்தால் எனக்கு இந்தக் கழுதைச் சவாரிதான் முதலில் ஞாபகம் வரும்.

விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் இருந்த அவரது நிறுவனம் முதலில் விற்ற படுக்கை, கம்பியால் பின்னிய வலை. நம் கயிற்றுக் கட்டிலில் இருக்கும் சிக்கல் அதிலும் உண்டு. ஒருவர் உட்கார்ந்தால் வலை முழுக்க அவர் பக்கம் சரியும். தனித்தனி ஸ்பிரிங்குகளை வைத்துக் கம்பியால் பிணைத்தாலும் ஓரளவு இதே கதைதான். ஒன்று அமுங்கும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

இதற்கு வழி கண்டவர் கனடாவில் வாழ்ந்த ஜேம்ஸ் மார்ஷல். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித் துணிப்பைக்குள் போட்டுத் தைத்தார். எவ்வளவு எளிய யோசனை! ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு விசையோடு திருப்பித் தள்ளும். இடுப்பு கனம், அதனால் அதற்குக் கீழே உள்ளவை அதிகம் இறங்கும். இடுப்புக்கு மேலே உள்வளைந்த இடைப்பகுதிக்குக் கீழே உள்ளவை கொஞ்சமாக இறங்கி அந்த வளைவைத் தாங்கும். ஒருக்களித்துப் படுத்தாலும் முதுகெலும்பு நேராக நிற்கும். பையின் உயரம் ஸ்பிரிங்கின் இயல்பான உயரத்தைவிடக் குறைவு. ஆகவே ஸ்பிரிங் உள்ளே ஏற்கெனவே சற்று அமுங்கியே இருக்கும், படுத்தவுடன் தாங்கத் தொடங்கிவிடும்.

சரி, அப்புறம் ஏன் உடனே பரவவில்லை? கையால் தைக்க வேண்டியிருந்ததால் விலை எட்டவில்லை. சிம்மன்ஸ் நிறுவனத்தின் ஜான் கெய்ல் என்ற பொறியாளர் ஸ்பிரிங்கைச் சுருட்டிப் பைக்குள் அடைக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். 1925-இல் 39.50 டாலருக்கு பியூட்டிரெஸ்ட் மெத்தை வந்தது. அப்போது அது மலிவான விலை இல்லை. ஆனாலும் கைத்தையலை நம்பியிருந்த பொருள் தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. என்னைக் கேட்டால், மார்ஷலுக்குச் சமமான பெருமை கெய்லுக்கும் உண்டு.

பல ஆண்டுகள் கழித்து இந்த மெத்தைக்கு வந்த விளம்பரம் புகழ்பெற்றது. மெத்தைமேல், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் விளையாட்டின் கட்டைகளை நிறுத்தி, அருகிலேயே கனமான பந்தைப் போடுவார்கள். கட்டைகள் விழாது. பந்து விழுந்த இடத்து ஸ்பிரிங்குகள் மட்டும் இறங்கும். மெத்தைக்குள் பைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டும், அவற்றின் மேல் பஞ்சு அடுக்கு விரிந்தும் இருப்பதால், அக்கம்பக்கம் கொஞ்சம் அசைவு போகத்தான் செய்யும். கட்டையைச் சாய்க்கும் அளவுக்கு அது போதாது.