120 மைக்ரான் பை தமிழ்நாட்டில் செல்லுமா? பிளாஸ்டிக் தடை விதிகள், ஒரு விளக்கம்

துணிப்பையை வீட்டில் மறந்துவிட்டுக் காய்கறிக் கடைக்குப் போகும் நாளில் வழக்கமாக நடப்பது இது. கடைக்காரர் மேசைக்கு அடியில் கைவிட்டு, சற்றே கெட்டியான ஒரு பையை உருவுவார். "இது தடை செய்த பை இல்லை சார், 120 மைக்ரான். அச்சிலேயே போட்டிருக்கிறது, பாருங்கள்" என்பார். அச்சில் போட்டிருப்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பை தமிழ்நாட்டில் செல்லாது.

குழப்பத்துக்குக் காரணம், இங்கே இரண்டு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதுதான். ஒன்று, மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. அது பைகளுக்குக் குறைந்தபட்ச கனத்தை, அதாவது தடிமனை, மைக்ரான் கணக்கில் வகுக்கிறது. 1999இல் 20 மைக்ரானாக இருந்த வரம்பு 2011இல் 40, 2016இல் 50 என ஏறியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவ்வாண்டு செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானும் ஆனது. கடைக்காரர் சொல்லும் கணக்கு இந்த விதியிலிருந்து வருவது.

மற்றொன்று, தமிழக அரசின் சுற்றுச்சூழல், வனத்துறை 2018 ஜூன் 25 அன்று பிறப்பித்த அரசாணை எண் 84. இது 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களை, கனம் எதுவாக இருந்தாலும், அது தடை செய்கிறது. கைப்பைகள், உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், கொடி என்று பட்டியல் நீளும். மைக்ரான் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மத்திய விதியைவிடக் கடுமையான விதியை ஒரு மாநிலம் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இங்கே நமக்குப் பொருந்துவது இதுதான்.

அப்படியானால் மத்திய அரசு ஏன் கனத்தைப் பிடித்துத் தொங்குகிறது? விடை பழைய இரும்புக் கடைத் தராசில் இருக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பாலித்தீன் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சேர்த்து 0.24 சதுர மீட்டர். 120 மைக்ரான் கனத்தில் அதன் எடை ஏறத்தாழ 26 கிராம். அதே அளவுப் பை 20 மைக்ரானில் நான்கரை கிராம்கூட வராது. ஒரு கிலோ சேர்க்க முதலாவதில் 38 பைகள் போதும். இரண்டாவதில் இருநூற்றிருபதுக்கு மேல் பொறுக்க வேண்டும். குனிந்து எடுத்து, மண்ணை உதறி, சாக்கில் போடுகிற உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். கனமான பை பழைய சாமான் வியாபாரிவரை போய்ச் சேர்கிறது, மெல்லிய பை சாக்கடை அடைப்பில் நின்றுவிடுகிறது. வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே பையை நிறுத்துப் பார்க்கலாம். 30க்கு 40 அளவுப் பையில் 120 என்று அச்சடித்துவிட்டு எடை 10 கிராம்தான் காட்டினால் அச்சு பொய் சொல்கிறது என்று பொருள்.

கனத்தைக் கூட்டினால் பொறுக்குவார்கள் என்பது நியாயமான கணக்குதான். ஆனால் பொறுக்காமல் விட்டுப்போகும் ஒவ்வொரு பையிலும் ஆறு மடங்கு பிளாஸ்டிக் இருக்கும் என்பதும் அதே கணக்கிலிருந்து வருவதுதான். தமிழக ஆணை பையையே வேண்டாம் என்றது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

அடுத்து, துணிக்கடைகளில் தரும் பஞ்சு போன்ற பை. பலர் அதைத் துணி என்றே நம்புகிறார்கள். அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் ஒட்டவைத்துச் செய்த 'நெய்யாத' பை. பருத்தி ஒரு நூல்கூடக் கிடையாது. ஓரத்தில் சிறு துண்டை வெட்டித் தீயில் காட்டினால் பருத்தி போலச் சாம்பலாகாமல் உருகிச் சொட்டும். (சொட்டு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், இடுக்கியில் பிடியுங்கள்.) தமிழக அரசாணை இதையும் தடைப் பட்டியலில் வைத்தது. மத்திய விதியோ சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை இருந்தால் அனுமதிக்கிறது. தமிழகத் தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 அக்டோபரில் நீதிமன்றம் காகிதக் குவளை மீதான தடையை உறுதி செய்தது; நெய்யாத பைகளைப் பொறுத்தவரை, மத்தியத் திருத்தத்தைக் கருத்தில் கொண்டு மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

காகிதக் குவளை எதற்குத் தடை என்று தேநீர்க் கடைகளில் இன்றும் கேட்கிறார்கள். காகிதம் மட்டும் என்றால் சூடான தேநீரில் அது ஊறிப்போயிருக்கும். ஊறாமல் நிற்பது உள்ளே பூசியிருக்கும் பாலித்தீன் படலத்தால். காகித ஆலையில் பழைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கும்போது இந்தப் படலம் எளிதில் பிரிவதில்லை; அதனால் சாதாரண ஆலைகள் குவளையை வாங்குவதில்லை. குடிப்பவருக்கும் பங்கு உண்டு: 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் இத்தகைய குவளையில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள்.

மக்கும் பைக்கு அரசாணை விலக்கு அளிக்கிறது. ஆனால் பச்சை நிறமும் இலைப் படமும் சான்றாகா. பையில் 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லும், ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். இந்தத் தரத்துக்கான சோதனை ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில், உரக் குவியலில் நடக்கிறது. 180 நாட்களுக்குள் பையிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். மாடித் தோட்டத்து உரத் தொட்டி அந்தச் சூட்டை அத்தனை நாள் தாங்கி நிற்காது. எனவே இந்தப் பையும் உரம் தயாரிக்கும் நிலையத்துக்குப் போனால்தான் ஒழுங்காக மக்கும். சாதாரணப் பிளாஸ்டிக்கோடு கலந்து போட்டால் மறுசுழற்சியையும் கெடுக்கும்.

அபராதம் கடையின் அளவைப் பொறுத்தது. 2019இல் வகுத்தபடி, சிறு கடைகளுக்கு முதல்முறை 100 ரூபாய், அடுத்து 200, பிறகு 500. மளிகைக் கடை, மருந்துக் கடைகளுக்கு 1,000, 2,000, 5,000. பெரிய வணிக வளாகம், துணிக்கடைகளுக்கு 10,000, 15,000, 25,000. பதுக்கி வைப்பவருக்கும் ஏற்றி அனுப்புபவருக்கும் 25,000இல் தொடங்கி ஒரு லட்சம்வரை. விதிமீறல் கண்டால் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ புகார் தரலாம். பூக்காரம்மாவின் கூடையில் தேடுவதைவிடப் பை வந்து இறங்கும் கிடங்கைக் காட்டிக்கொடுப்பது பலன் தரும்.

தடையோடு சேர்த்து மாற்றாக வந்ததுதான் 'மீண்டும் மஞ்சப்பை'. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் அடுத்த ஆண்டு வந்தது.

பால், எண்ணெய், மருந்து உறைகளை அரசாணை விட்டுவைத்தது. இவற்றுக்கு வேறொரு கடிவாளம் உண்டு. 2022 பிப்ரவரி முதல், உறையிட்டு விற்கும் நிறுவனங்கள் தாங்கள் சந்தையில் இறக்கிய பிளாஸ்டிக்கின் அளவுக்கு ஏற்பத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியாக வேண்டும். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த உறை எளிது: உருக்கி மணிகளாக்கலாம். அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய காப்பித்தூள் பொட்டலத்தை அப்படிப் பிரிக்க முடியாது. பெரும்பாலும் சிமென்ட் உலைக்கு எரிபொருளாகத்தான் போகிறது.

இந்த வகையில் பால் உறை நல்ல பிள்ளை. முழுக்கப் பாலித்தீன், கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய சாமான் கடையில் காசு தருவார்கள். உறையின் மூலையை முக்கோணமாக வெட்டி எறிகிறோமே, அந்தத் துண்டுதான் சிக்கல். நகத்தளவு இருப்பதால் யார் கையிலும் சிக்காமல் பாத்திரம் கழுவும் தண்ணீரோடு போய்விடும். கத்தரியை முழுதும் ஓட்டாமல் பாதியில் நிறுத்துங்கள். மூலை உறையோடு தொங்கிக்கொண்டே கடைக்குப் போகட்டும்.