கால்டெரா: வாயா, கொப்பரையா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 'கிரேட்டர் லேக்' என்றோர் ஏரி இருக்கிறது. ஆழம் 594 மீட்டர். கிரேட்டர் என்றால் எரிமலையின் உச்சிப் பள்ளம்; அதில் தண்ணீர் தேங்கிய ஏரி என்பது பெயரின் பொருள். ஆனால் நிலவியலாளரைக் கேட்டால், அது கிரேட்டரே இல்லை, கால்டெரா என்பார். சரி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

சொல்லளவில் இரண்டும் பாத்திரங்கள்தாம். கிரேக்கர்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலக்க வைத்திருந்த அகன்ற கலம் 'கிராத்தேர்'. கலத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர். எட்னா எரிமலையின் உச்சிப் பள்ளத்துக்கும் அதுவே பெயரானது. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸ், அவர்கள் கிராத்தேர் என்பதை நாம் தொண்டை என்றும் வாய் என்றும் சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறார். கிரேட்டருக்குத் தமிழில் நாம் சொல்லும் 'எரிமலை வாய்' ஏதோ பிற்காலத்து ஒப்பேற்றல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கால்டெரா ஸ்பானியச் சொல். அடுப்பில் ஏற்றும் பெரிய கொப்பரை என்று பொருள். வேர், சூட்டைக் குறிக்கும் லத்தீன் சொல். 1815இல் கானரித் தீவுகளுக்குப் போன ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்ட் வான் புக், லா பால்மா தீவின் மாபெரும் பள்ளத்தை அங்குள்ளவர்கள் அப்படி அழைப்பதைக் கண்டு, அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளம் பெரும்பாலும் நிலச்சரிவாலும் அரிப்பாலும் உண்டானது. பெயர் கொடுத்த இடத்துக்கே பெயர் பொருந்தவில்லை!

இனி, இவை உருவாகும் விதம். கற்குழம்பு மேலே ஏறஏற அழுத்தம் குறைகிறது. அதில் கரைந்திருந்த நீராவியும் வாயுக்களும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்குகின்றன. சிதறும் கல்லும் சாம்பலும் துளையைச் சுற்றிக் குவிய, நடுவே குழி நிற்கிறது. மெக்சிகோவின் பரிகுட்டின் இப்படித்தான் 1943இல் ஒரு சோளக்காட்டில் முளைத்து, 1952இல் அடங்குவதற்குள் 424 மீட்டர் வளர்ந்தது. அதன் உச்சியில் இருப்பது கிரேட்டர்.

கால்டெராவின் கதை வேறு. பெருவெடிப்பில் நிலத்தடியில் உள்ள கற்குழம்பு அறை மளமளவென்று காலியாகிவிட்டால், மேலே உள்ள பாறைக் கூரையைத் தாங்க ஒன்றும் இருக்காது. அப்புறம் மலையே உள்ளே இறங்கிவிடும். ஓரிகனில் மசாமா மலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் அமிழ்ந்தது. அந்தப் பள்ளத்தில்தான் கிரேட்டர் லேக் இருக்கிறது. சுமத்ராவின் தோபா ஏரி கிடக்கும் பள்ளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம்.

ஆகவே கால்டெராவை 'பெருவாய்' என்று தமிழாக்கினால் எனக்கு நிறைவில்லை. அளவு மட்டும்தான் வேறுபாடு என்ற எண்ணத்தை அது தந்துவிடும். வாய் என்பது உமிழ்வது. இதுவோ இடிந்து அமிழ்ந்தது. 'எரிமலைக் கொப்பரை' என் தேர்வு. மூலச்சொல்லின் பொருளும் அதுவே. வெறும் கொப்பரை என்றால் உலர்ந்த தேங்காய் நினைவுக்கு வரும்; எரிமலையைச் சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் இல்லை. விண்கல் மோதி உண்டான நிலவுப் பள்ளங்களையும் ஆங்கிலத்தில் கிரேட்டர் என்றே சொல்வார்கள். அங்கே வாய் சரிப்படாது. மோதல் குழி எனலாம்.

ஓரிகன் ஏரிக்குள் விசார்ட் தீவு என்று ஒரு சிறு கூம்பு, அமிழ்வுக்குப் பிறகு எழுந்தது, தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சியில் சின்னதாக ஒரு குழி. கிரேட்டர் என்ற பெயருக்கு உரியது அதுதான்.