அராவினாலும் போகாத நம்பர்

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த சின்ன பைக் சட்டமாம். எஞ்சின் இல்லை, சில்லு இல்லை, முன் ஃபோர்க் மட்டும் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அண்ணே, இது ஹொண்டா மங்கியா? நம்பர் இருந்த இடத்தை யாரோ அராவி வைத்திருக்கிறார்கள். வெல்டிங் பண்ணி பெயின்ட் அடித்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

மங்கி என்பது ஹொண்டாவின் குட்டி பைக். ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்த மங்கியான 1967-ஆம் ஆண்டின் இசட் 50 எம்முக்கு 5 அங்குலச் சில்லு. முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் கிடையாது. அடுத்து வந்த இசட் 50 ஏயில் சில்லு 8 அங்குலமானது, முன்பக்கம் ஸ்பிரிங் வந்தது. பின்பக்க ஷொக் அதற்கும் பிறகுதான். ஹொண்டாவின் இன்னொரு குட்டி பைக்கான டாக்ஸ் என்றால் குழப்பமே இல்லை: தகட்டை அழுத்திச் செய்த தடித்த உடம்பு, பெட்ரோல் டாங்க் அதன் வயிற்றுக்குள். தம்பியின் சட்டத்தில் பின்னால் ஷொக் மாட்டும் காது இல்லை, முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருக்கிறது. ஆகவே இசட் 50 ஏயாக இருக்கலாம். ஆனால் ஃபோர்க்கை யாரும் மாற்றியிருக்கலாமே! முடிவாகச் சொல்ல வேண்டியது சட்டத்தின் கழுத்துப் பக்கம், அதாவது ஹேண்டில் பொருந்தும் இடத்தில், குத்திய நம்பர்தான். அந்தக் கால ஹொண்டா நம்பர் மாடல் பெயரோடுதான் தொடங்கும்.

அதைத்தான் அராவிவிட்டார்களே என்கிறீர்களா? அங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது.

நம்பரைக் குத்துவது என்றால் எழுத்து அச்சை இரும்பில் வைத்து ஓங்கி அடிப்பது. பள்ளம் விழுகிறது. பள்ளத்தில் இருந்த இரும்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை. பக்கத்துக்கும் கீழுக்கும் நெருக்கித் தள்ளப்பட்டிருக்கிறது. இரும்பின் அணுக்கள் தேயிலை நிரை போல வரிசை வரிசையாக நிற்பவை. அடி விழுந்ததும் வரிசைகள் வழுக்குகின்றன. சில வரிசைகள் பாதியிலேயே அறுந்து நிற்கின்றன. நன்றாகச் சூடாக்கி ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இந்த மாதிரிக் கோளாறுகள் பத்து லட்சத்திலிருந்து பத்துக் கோடி வரை இருக்கும். குளிர்ந்த நிலையில் பலமாக அடித்த இடத்தில் அது லட்சம் கோடியை எட்டும். அடித்த சுத்தியலின் சக்தியில் பெரும்பகுதி சூடாகிப் போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் இந்தக் கலைந்த வரிசைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். 1934-இல் டெய்லர், குவின்னி என்ற இருவர் இதை அளந்தே காட்டினார்கள்.

இந்தக் கலைவு பள்ளத்தின் அடியோடு நிற்பதில்லை, அதற்கும் கீழே இறங்குகிறது. அரம் பள்ளத்தை மட்டும் மட்டமாக்கும். அடியில், அதே எண்ணின் வடிவத்தில், நெருக்குண்ட இரும்பு அப்படியே இருக்கும். கண்ணுக்குத்தான் தெரியாது.

தெரிய வைப்பது அமிலம். வரிசை கலைந்த அணுவை அக்கம்பக்கம் இறுக்கிப் பிடித்திருப்பதில்லை. அது சுலபமாகக் கரையும். பள்ளிக்கூடத்தில் ஏகார் என்ற ஜெலியில் ஆணியைப் பதித்துத் துருப் பரிசோதனை செய்தவர்களுக்கு நினைவிருக்கும், தலையும் கூரும்தான் முதலில் நீலமாகும். ஆணி செய்யும்போது அடிவாங்கிய இடங்கள் அவை. அதே கதைதான் இங்கேயும். 1921-இல் ஜெர்மனியில் ஃப்ரை என்பவர் செப்புக் குளோரைட்டையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் நீரில் கலந்து, மென் உருக்கில் திரிபட்ட பகுதிகளைக் காட்டினார். செம்பு இரும்பின் இலத்திரன்களைப் பிடுங்குகிறது. அமிலம் அந்தச் செம்பு மேலே படிந்து மறைக்காமல் பார்த்துக்கொள்கிறது. இடத்தை எமரித் தாளால் கண்ணாடி மாதிரி மினுக்கி, பஞ்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் 5 என்றோ 8 என்றோ மெல்ல நிறம் மாறி எழும்பும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. கரைந்து கரைந்து போவதால் அது மறைந்தும் விடும். உடனே படம் எடுக்க வேண்டும். தடய அறிவியல் ஆய்வுகூடங்கள் இதைத்தான் செய்கின்றன. வெற்றிலையில் மை போட்டுத் திருட்டு வண்டியைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்பவர்களுக்கு நம் ஊரில் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு நல்ல நுணுக்குக்காட்டி கேட்டால்தான் எல்லோருக்கும் கை சுருங்கிவிடுகிறது.

மிக ஆழமாக அராவினால் இதுவும் போய்விடும். அராவாமலே கெடுப்பது சூடு. சுமார் 500 பாகைக்கு மேல் போனால் கலைந்த வரிசைகள் இருந்த இடத்தில் புதுப் படிகங்கள் வளர்ந்து, எண் உண்மையிலேயே போய்விடும். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ஒரு பழைய சட்டத்தின் வெடித்த கழுத்தை ஒட்ட கராஜில் கொடுத்தேன். பாஸ் காஸ் அடித்துச் செக்கச்செவேலென்று காய்ச்சி, அழகாக ஒட்டித் தந்தார். அப்புறம் எவ்வளவு தேய்த்தும் ஒரு எண்கூட வரவில்லை. குற்றம் என்னுடையது, நான் சொல்லவில்லை.

ஆகவே தம்பி, முதலில் பொலிசில் போய்ச் சொல்லுங்கள். அராவிய நம்பர் என்றால் திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு. அமிலத்தை வீட்டில் தொட வேண்டாம், புகையே நெஞ்சை எரிக்கும். வழக்கு ஒன்றும் இல்லையென்றால் பின்பக்கத்தைத் தாராளமாக வெல்டிங் செய்யுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, மிச்சத்தில் கெட்டித் தேயிலைச் சாயத்தைப் பூசிப் பாருங்கள், கறுத்துவிடும். இலையின் பொலிஃபீனோல் இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. பெயின்டுக்கு அது மட்டும் போதாது, பிரைமர் வேண்டும். பவுடர் கோட்டிங் என்றாலும் சரி, 200 பாகை அளவுச் சூடு நம்பரை ஒன்றும் செய்யாது.

கழுத்தில் மட்டும் காஸ் விளக்கைக் காட்ட விடாதீர்கள். இரவில் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த இடத்தை இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். அரம் அவசரத்தில் ஓடியிருந்தால், ஒரு மூலையாவது மிஞ்சியிருக்கும்.