ஷாமன், வூ, சாமியாடி: எதற்கு எந்தச் சொல்?

பழஞ்சீனத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'ஷாமன்' என்ற சொல்லை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். அருள் வந்து ஆடுபவளும் ஷாமன், எலும்பைச் சுட்டுப் பலன் பார்க்கும் அரசனும் ஷாமன். சீனர்கள் இவ்விருவருக்கும் வேறுவேறு சொல் வைத்திருந்தார்கள். நம்மிடமும் இருக்கிறது.

ஷாமன் சீனச் சொல்லே கிடையாது. சைபீரியாவின் எவெங்கி மக்கள் பேசும் துங்கூசிய மொழியிலிருந்து, 17ஆம் நூற்றாண்டில் ருஷ்யர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. அதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்று, 'ஷான்மன்' என்றால் மஞ்சூரியாவில் வாழ்ந்த ஜுர்சென் மக்களின் மொழியில் 'வூக் கிழவி', அதாவது அருள் வந்து ஆடும் கிழவி, என்று பொருள் எழுதி வைத்திருக்கிறது. ஜுர்செனும் துங்கூசியக் குடும்பம்தான். வடமொழி 'சிரமண' பௌத்தத்தோடு சீனத்துக்குப் போய் 'ஷாமென்' ஆனது. அதுவே ஷாமன் ஆயிற்று என்பாரும் உண்டு. அப்படியானால் நம் 'சமணர்' அதற்கு உடன்பிறப்பு. கேட்க இனிக்கிறது, ஆனால் மொழியியலாளர் பலர் இதை ஏற்பதில்லை. நானும் இதை நம்பி எதையும் சொல்ல மாட்டேன்.

சீனரின் சொந்தச் சொல் 'வூ'. கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த அகராதி அதற்குத் தரும் விளக்கம்: உருவமற்றதற்கு ஊழியம் செய்து, ஆட்டத்தால் தெய்வத்தை இறக்கக்கூடிய பெண். அங்கியின் இரு கைகளையும் வீசி ஆடும் ஆளைப் போன்றது அந்த எழுத்து என்றும் அது சொல்கிறது. ஆணாக இருந்தால் 'ஷீ'. இதைப் படித்ததும் ஊர்க் கொடையில் ஆடும் சாமியாடி நம் கண்முன் வந்துவிடுகிறார். மற்றச் சொற்கள் பொருந்தவில்லை: மந்திரவாதி ஆவியை ஏவுகிறவர். பூசாரிமேல் சாமி இறங்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களின் 'வேலன்' அழகான சொல்தான், ஆனால் முருகனை விட்டு அதைப் பிரிக்க முடியாது. ஆகவே வூவுக்குச் சாமியாடி என்பதே என் தேர்வு.

அரசன் கதை வேறு. வடசீனத்தின் ஆன்யாங் நகருக்கு அருகே கிடைத்த, ஷாங் அரச மரபின் காலத்து ஆமையோடுகளிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்புகளிலும் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய குறிகேட்புகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஓட்டின் பின்புறம் குழி தோண்டிச் சூடு வைப்பார்கள். முன்புறம் விரிசல் விடும். மன்னர் வூதிங்கின் மனைவி ஃபூ ஹாவோ சூலுற்றிருந்தபோது, பேறு நன்றாக அமையுமா என்று கேட்டிருக்கிறார்கள். மன்னர் விரிசலைப் பார்த்து, திங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது என்றார் (இரண்டும் சீனரின் பத்து நாள் சுழற்சியில் வரும் நாள் பெயர்கள்). 31 நாள் கழித்து வேறொரு நாளில் குழந்தை பிறந்தது. 'நன்றன்று; பெண்' என்று அதே ஓட்டில் செதுக்கி வைத்தார்கள். மூவாயிரம் ஆண்டு கடந்தும் அந்த இரண்டு சொல் மனதைச் சுடுகிறது.

இங்கே மன்னர் ஆடவில்லை, அவர்மேல் எதுவும் இறங்கவில்லை. விரிசலைப் படித்தார், அவ்வளவுதான். ஷாங் மன்னரே தலைமை வூ என்று 20ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் வாதிட்டார்கள். வறட்சி தீர, ஷாங் மரபை நிறுவிய தாங் மன்னர் தம்மையே பலியாகத் தர முன்வந்த பழங்கதை அவர்களுக்குத் துணை. ஆனால் எலும்பு எழுத்துகளில் நான் காண்பது குறிகாரரைத்தான். மன்னர் பலன் சொன்னதைக் குறிக்கும் 'ஜான்' என்ற வினையின் எழுத்தில் விரிசலும் வாயும் சேர்ந்திருக்கின்றன. தமிழில் 'குறி சொல்' என்பதும் அதே இணைப்பு: குறி என்றால் அடையாளம், அதைச் சொல்வது வாய். எனவே 'ஷாமன் அரசன்' வேண்டாம், 'குறி சொன்ன அரசன்' என்றே எழுதலாம்.

வூவும் ஆள்பவரும் வேறுவேறு ஆட்களாக வரும் பிற்காலக் கதை ஒன்று. கி.மு. 639இல் சீனத்தின் லூ நாட்டில் மழை பொய்த்தது. வூவை எரித்துவிடலாம் என்று நினைத்தார் அந்நாட்டுக் கோமகன். 'வூவால் என்ன செய்ய முடியும்? மதிலைச் சீர்செய்யுங்கள், செலவைக் குறையுங்கள், விளைச்சலைக் கவனியுங்கள்' என்று தடுத்தார் அமைச்சர் ஸாங் வென்ஜோங். கோமகன் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு பஞ்சம் வந்தது, பெருங்கேடு விளையவில்லை.