பசுமரத்தாணி நிற்குமா?

மனத்தில் ஆழப் பதிந்த ஒன்றைப் ‘பசுமரத்தாணி போல’ என்கிறோம். உவமை அழகானது, தச்சு வேலைக்குத்தான் உதவாது. பச்சை மரத்தில் ஆணி சுலபமாக இறங்கும், அன்றைக்கு நன்றாகப் பிடித்தும் நிற்கும். மரம் காயக் காய அந்தப் பிடியின் பெரும்பகுதி போய்விடும்.

ஏன் என்று பார்க்க, ஆணி எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுத்தியலால் அடிக்கும்போது ஆணி மரநார்களை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறது. விலகிய நார்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கின்றன. திரும்ப முடியாமல் ஆணியின் உடலை நெருக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த நெருக்கத்தால் உண்டாகும் உராய்வுதான் ஆணியின் பிடி. ஈரம் வற்றி மரம் சுருங்கும்போது நார்களின் நெருக்கம் தளர்கிறது, பிடியும் கூடவே தளர்கிறது. பலகையின் வெட்டுமுனையில் அடித்த ஆணிக்கு இன்னும் மோசமான நிலை. அங்கே நார்கள் ஆணிக்கு இணையாகவே ஓடுவதால் பிடிப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை.

எனவே ஆணியை அது நுழைந்த வழியிலேயே பின்னோக்கி இழுக்கும் சுமையை அதன் மேல் வைக்கக் கூடாது. பக்கவாட்டில் வரும் சுமையை அது நன்றாகத் தாங்கும், ஏனென்றால் அப்போது எதிர்த்து நிற்பது உராய்வு மட்டுமன்று, இரும்பின் உடலே. இழுப்பைத் தாங்க ஸ்க்ரூ வேண்டும். ஒரு சாய்தளத்தைக் கம்பியின் மேல் சுற்றிவிட்டால் அதுதான் மரை. மரைகளுக்கு இடையே மரம் சிக்கிக்கொள்வதால், அந்த மரத்தைப் பிய்த்தெடுக்காமல் ஸ்க்ரூவை உருவ முடியாது.

அப்படியானால் எங்கும் ஸ்க்ரூவே போதுமே என்று தோன்றும். ஜிப்சம் பலகைகளைப் பொருத்தும் மெல்லிய கருப்பு ஸ்க்ரூவை எடுத்துக்கொள்வோம். மிகவும் கடினமாக்கப்பட்ட எஃகு அது. கடினம் கூடியதால் நொறுங்கும் குணமும் கூடிவிட்டது. கனமான சட்டங்களை அதில் மாட்டினால், பக்கவாட்டு அழுத்தம் மிஞ்சும்போது முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். சாதாரண ஆணி வளையும். வளைவது தோல்வி போலத் தெரிந்தாலும், புயலிலும் நிலநடுக்கத்திலும் ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வது அந்த வளைவுதான்.

போல்ட்டைப் பற்றித்தான் நாம் அதிகமாகத் தவறாக நினைத்திருக்கிறோம். இரண்டு தகடுகளின் துளைக்குள் செருகிய முளை போல அது நின்று சுமையைத் தாங்குவதாகக் கற்பனை செய்கிறோம். சில இணைப்புகளில் அது உண்மைதான். நன்றாக முறுக்கிய போல்ட் செய்யும் வேலை வேறு: அது ஒரு வில்சுருள். நட்டை முறுக்கும்போது போல்ட் இழுபட்டு நீள்கிறது. முழு அளவுக்கு முறுக்கினால் 100 மி.மீ. நீளத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவு நீளும். நீண்ட எஃகு சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு தகடுகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. 20 மி.மீ. விட்டமுள்ள ஓர் உயர்வலிமைப் போல்ட் இப்படிச் சுமார் 14 டன் விசையோடு தகடுகளை நெருக்கும். பிறகு சுமையைத் தாங்குவது தகடுகளுக்கு இடையே உள்ள உராய்வு. போல்ட்டின் மேல் பக்கச்சுமை விழுவதே இல்லை.

பழைய பாலங்களின் ரிவெட்டும் (துளையில் செருகி, முனையை அடித்துத் தலையாக்கும் உலோக முளை) இதே தந்திரத்தைத்தான் செய்தது. பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கியது. ஈஃபிள் கோபுரத்தில் அப்படிப்பட்டவை 25 லட்சம் இருக்கின்றன.

ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கு முழுவதும் போல்ட்டை நீட்டப் போகிறதா என்றால், இல்லை. ஏறக்குறைய பாதி, தலைக்கோ நட்டுக்கோ அடியில் உராய்வில் வீணாகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரைகளின் உராய்வில் போகிறது. மிஞ்சும் பத்து சதவீதம்தான் இறுக்கமாகிறது. அதனால் மரையில் எண்ணெய் தடவியிருந்தால் அதே முறுக்கில் இறுக்கம் அளவு மீறலாம். துருப் பிடித்திருந்தால் பாதிகூட வராமல் போகலாம். முறுக்களக்கும் ஸ்பேனர் காட்டும் எண்ணை அப்படியே நம்புவோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் போல்ட் அறுபடும் அழுத்தம் மெகாபாஸ்கல் என்ற அலகில் கிடைக்கும்: 8.8-க்கு 800. புள்ளிக்குப் பின் வரும் எண், அதில் பத்தில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது: 800-இல் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640. சின்ன இரண்டு எண்களில் இவ்வளவு செய்தி!

இருந்தும் போல்ட் தானாகக் கழல்வது உண்டு. ‘மரை கழன்றவன்’ என்று பேச்சுவழக்கே வந்துவிட்டதே. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் காரணத்தைச் சோதனையில் காட்டினார்: தகடுகள் பக்கவாட்டில் வழுக்கி அதிரும்போது மரைகளின் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது, நட் தானாகப் பின்னோக்கிச் சுழல்கிறது. இன்றும் பழக்கத்தில் மாட்டப்படும் ஸ்பிரிங் வாஷரால் இந்த அதிர்வில் பயன் இல்லை. தகடுகள் வழுக்காத அளவுக்கு இறுக்குவதே முதல் மருந்து.

அதிக வலிமையே நல்லது என்ற எண்ணத்துக்கு சான்பிரான்சிஸ்கோ – ஓக்லாந்து விரிகுடாப் பாலம் பதில் சொன்னது. 2013 மார்ச்சில், துத்தநாகம் பூசிய உயர்வலிமை எஃகுக் கம்பிகளை அங்கே இறுக்கினார்கள். 96 கம்பிகளில் 32 சில நாட்களுக்குள் முறிந்தன. மிகக் கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் புகுந்தால், இழுவிசை இருக்கும் இடத்தில் அவை சேர்ந்து விரிசலைத் தொடங்கிவிடுகின்றன. மென்மையான எஃகுக்கு இந்த ஆபத்து குறைவு.

கான்கிரீட்டில் கணக்கே மாறுகிறது. அழுத்தத்தில் மலை போல் நிற்கும் கான்கிரீட், இழுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கே தாங்கும். கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட்டைப் பிடுங்கினால் பெரும்பாலும் போல்ட் அறுவதில்லை. கான்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வருகிறது. ஆகவே தடித்த போல்ட்டைவிட ஆழமான போல்ட் மேல். விளிம்புக்கு அருகே துளைத்தால் கூம்பு பாதியில் வெட்டுப்படும், வலிமையும் குறையும். பசை ஊற்றிப் பொருத்தும் ஆங்கரில் துளையின் தூசியை ஊதித் துடைக்காவிட்டால், பசை தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பசைக்கு இன்னொரு குணமும் உண்டு. 2006 ஜூலை 10 அன்று பாஸ்டனில் ஒரு சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் சுமார் 26 டன் எடையோடு ஒரு காரின் மேல் விழுந்தன, ஒருவர் இறந்தார். எபாக்சிப் பசையில் பதித்த ஆங்கர்கள் அவற்றைத் தாங்கியிருந்தன. பொருத்தியபோது செய்த குறுகிய நேரச் சோதனையில் அவை நின்றன. ஓயாத சுமையின் கீழ் பசை மெல்ல மெல்ல ஊர்ந்து நழுவியது. விரைவாக இறுகும் அந்தவகைப் பசை நீண்டகாலச் சுமைக்குத் தகாதது என்று விசாரணையில் தெரிந்தது.

துரு பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நம்புவதற்கும் எல்லை உண்டு. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் 1985-இல் உள்ளரங்க நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். குளோரின் கலந்த ஈரக்காற்று, இழுவிசையில் இருந்த ஸ்டெயின்லெஸ் தொங்குகம்பிகளை உள்ளுக்குள் விரிசலடையச் செய்திருந்தது.

இரு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அதிக வினைத்திறன் உள்ள உலோகம் கரையும். அது சிறிய பரப்பாக இருந்தால் வேகமாகக் கரையும். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் ஓரளவு பரவாயில்லை. பெரிய செப்புத் தகட்டில் சின்ன இரும்பு ஆணி கூடவே கூடாது. பிரிட்டிஷ் கடற்படை இதை ‘அலார்ம்’ கப்பலில் கண்டுகொண்டது. 1761-இல் அதன் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தினார்கள். 1763-இல் சோதித்தபோது பல இரும்பு ஆணிகள் அரித்துப்போய்த் தகடு பெயர்ந்திருந்தது. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. செம்பைச் சுற்றி வந்த பழுப்புத் தாளை அந்த இடங்களில் பிரிக்காமல் விட்டிருந்தார்கள்; அது இரும்பையும் செம்பையும் தொடவிடாமல் தடுத்திருந்தது. இன்று அந்தத் தாளின் வேலையை ஒரு நைலான் வாஷர் செய்கிறது.